லிதுவேனிய மொழியும் ஹ்மாங் மொழியும்: ஒப்பிடத் தொடங்குபவருக்கு ஒரு வழிகாட்டி

உறவே இல்லாத இரண்டு மொழிகளை அருகருகே வைத்துப் பார்த்துப் பழக வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் ஜோடி இது. லிதுவேனிய மொழி பால்டிக் கடலோரத்தில் ஏறத்தாழ 30 லட்சம் பேர் பேசுவது. சொல்லின் கடைசிப் பகுதியை மாற்றி மாற்றியே வாக்கியத்தைக் கட்டும் மொழி அது. ஹ்மாங் மொழி தென்சீன மலைகளிலிருந்து வியட்நாம், லாவோஸ், தாய்லாந்து மலைகளுக்கு வந்து, 1975க்குப் பிறகு அகதிகளோடு அமெரிக்கா, பிரான்ஸ், ஆஸ்திரேலியா வரை போனது. அதில் விகுதி என்ற ஒன்றே கிடையாது.

தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ‘எது வளமான மொழி, எது எளிய மொழி’ என்ற கேள்வியோடு உட்கார்ந்தால் எதுவும் தெரியவராது. ‘இந்த வேலையை இந்த மொழி எதைக் கொண்டு செய்கிறது?’ என்று ஒவ்வொரு இடத்திலும் கேளுங்கள். கீழே வரும் படிகள் எல்லாமே அந்தக் கேள்வியைச் சுற்றித்தான். மொழியியல் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு நோட்டு, இணைய வசதி, கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும்.

முதல் படி: எந்த வகை என்று முடிவு செய்யுங்கள்

ஹ்மாங் என்பது ஒரே பேச்சு அல்ல. லாவோஸிலிருந்து வந்தவர்களிடம் வெள்ளை ஹ்மாங், பச்சை ஹ்மாங் என்று இரண்டு பெரிய வகைகள் உண்டு. பெண்கள் அணியும் பாவாடையின் நிறத்தை ஒட்டி இந்தப் பெயர்கள் வந்ததாகச் சொல்வார்கள். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் பெரும்பாலும் புரியும், ஆனால் ஒலிகளும் சில சொற்களும் மாறும். பாடப் புத்தகங்களும் அகராதிகளும் வெள்ளை ஹ்மாங்குக்கே அதிகம் என்பதால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். சீனாவில் ‘மியாவ்’ என்று அரசு வகுத்திருக்கும் இனத்துக்குள் ஹ்மாங் மக்களும் அடங்குவார்கள், வேறு மொழி பேசும் பலரும் அடங்குவார்கள். ‘மியோ’ என்று அழைப்பதை லாவோஸ், தாய்லாந்து ஹ்மாங் மக்கள் அவமதிப்பாகவே எடுத்துக்கொள்கிறார்கள். அந்தச் சொல்லைப் புழங்காதீர்கள்.

லிதுவேனிய மொழியில் இந்தச் சிக்கல் குறைவு. யோனஸ் யப்லொன்ஸ்கிஸ் 1901இல் வெளியிட்ட இலக்கணத்தை ஒட்டி வளர்ந்த பொதுமொழிதான் பள்ளியிலும் வானொலியிலும் இருப்பது. மேற்கே பேசப்படும் சமோகிடிய வட்டாரப் பேச்சு அதிலிருந்து நன்றாகவே விலகி நிற்கும். நோட்டின் முதல் வரியில் ‘பொது லிதுவேனியம் – வெள்ளை ஹ்மாங்’ என்று எழுதிவிட்டு மேலே போங்கள்.

இரண்டாம் படி: குடும்பத்தைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

லிதுவேனியம் ரஷ்ய மொழியின் கிளை என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அது இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின் பால்டிக் கிளையைச் சேர்ந்தது. அந்தக் கிளையில் இன்று உயிரோடு இருக்கும் நெருங்கிய உறவு லாட்விய மொழி. பழைய பிரஷ்ய மொழி 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழிந்துபோனது. குடும்பத்தின் பழைய வடிவங்களை லிதுவேனியம் அதிகம் காப்பாற்றி வைத்திருப்பதால் சமஸ்கிருதம் அறிந்தவர்களுக்கு அது வியப்பைத் தரும். சமஸ்கிருதத்திலிருந்து தமிழுக்கு வந்த சொற்கள் வழியாக நமக்கும் அதில் ஒரு பங்கு கிடைக்கிறது. தீ அங்கே உக்னிஸ், நம் அக்கினி. கடவுள் தியேவஸ், நம் தேவன். ஆண் வீரஸ், நம் வீரன். பல் தந்திஸ், நம் தந்தம். புகை தூமய், தூமகேதுவில் இருக்கும் அதே தூமம். கனவு சப்னஸ், நம் சொப்பனம். சக்கரம் ராதஸ், நம் ரதம்.

ஹ்மாங் மொழி ஹ்மாங்-மியன் என்ற தனிக் குடும்பம். சீனத்தோடு நெடுங்காலம் பழகியதால் அங்கிருந்து ஏராளமான சொற்கள் வந்திருக்கின்றன, ஆனால் அது சீனத்தின் கிளை அல்ல. இரண்டிலும் தொனி, அதாவது குரலின் ஏற்ற இறக்கத்தால் சொல்லின் பொருளே மாறுவது, இருப்பதை வைத்து உறவு சொல்லிவிடக் கூடாது. தொனி அக்கம்பக்கத்து மொழிகளுக்குள் பரவக்கூடிய பண்பு.

மூன்றாம் படி: எழுத்தை நம்பாமல் எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இரண்டும் ரோமன் எழுத்தில் எழுதப்படுவதால் ‘படித்துவிடலாம்’ என்று தோன்றும். புதியவர்கள் தடுக்கி விழும் இடமே இதுதான். எம், யூ, எஸ் என்ற மூன்றெழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். லிதுவேனியத்தில் அதை ‘முஸ்’ என்று படிக்க வேண்டும், பொருள் ‘எங்களை’. ஹ்மாங்கில் அதை ‘மூ’ என்று தாழ்ந்த தொனியில் படிக்க வேண்டும், பொருள் ‘போ’. கடைசியில் நிற்கும் எஸ் அங்கே மெய்யெழுத்தே அல்ல, தொனிக் குறி. அதேபோல டி (t), ஏ, யூ என்று எழுதினால் லிதுவேனியத்தில் ‘உனக்கு’, ஹ்மாங்கில் ‘கிடைத்தது, முடிந்தது’ என்ற பொருள்.

ஹ்மாங்கின் இந்த ரோமன் முறை 1951 முதல் 1953 வரை லாவோஸில் உருவானது. வில்லியம் ஸ்மாலி, லின்வுட் பார்னி, ஈவ் பெர்த்ரே என்ற மூன்று மதப்பணியாளர்கள் அதை அமைத்தார்கள். சாதாரணத் தட்டச்சுப் பொறியிலேயே அடிக்கும்படி, எழுத்துக்கு மேலோ கீழோ எந்தக் குறியும் இல்லாமல் வகுத்தார்கள். ஹ்மாங் சொல் மெய்யில் முடிவதில்லை, மூக்கொலி ஒன்றுதான் விதிவிலக்கு. அதனால் சொல்லின் கடைசியில் காலியாகக் கிடந்த இடத்தில் தொனிக்கான எழுத்தை வைத்துவிட்டார்கள்: பி, ஜே, வி, எஸ், ஜி, எம், டி (d). எதுவும் இல்லாவிட்டால் நடுத்தொனி. எனக்கு இது மிகவும் புத்திசாலித்தனமான ஏற்பாடாகவே படுகிறது.

லிதுவேனியம் போன வழி நேர் எதிர். அதன் 32 எழுத்துகளில் கொக்கி, புள்ளி, மேற்கோடு என்று அடையாளங்கள் நிறைய. இங்கே ஒரு விஷயத்தை நோட்டில் பெரிதாக எழுதிக்கொள்ளுங்கள். உயிரெழுத்தின் கீழே கொக்கி போட்ட லிதுவேனிய எழுத்துகள் ஒருகாலத்தில் மூக்கொலியைக் காட்டின, இன்று அவை வெறும் நெடில். ஹ்மாங்கில் உயிரெழுத்தை இரட்டித்து எழுதினால் அது நெடில் அல்ல, மூக்கொலி. ஹ்மாங் என்ற பெயரிலேயே ஓ இரண்டு முறை வருவது அதனால்தான்.

எழுத்துக்குப் பின்னால் இருக்கும் வரலாற்றையும் கொஞ்சம் படியுங்கள். லிதுவேனிய மொழியின் முதல் அச்சுப் புத்தகம், மார்த்தீனஸ் மாஜ்வீதஸின் சமயப் பாடநூல், 1547இல் கோனிக்ஸ்பெர்க்கில் வந்தது. 1864 முதல் 1904 வரை ரஷ்யப் பேரரசு ரோமன் எழுத்தில் லிதுவேனிய நூல்களை அச்சிடத் தடை போட்டது. கிழக்குப் பிரஷ்யாவில் அச்சடித்து, எல்லை தாண்டி மூட்டையாகச் சுமந்து வந்து கொடுத்தவர்களைப் ‘புத்தகம் சுமப்பவர்கள்’ என்று இன்றும் கொண்டாடுகிறார்கள். மார்ச் 16 அவர்களுக்கான நாள். ஹ்மாங் பக்கத்தில் 1959இல் சோங் லூ யாங் என்ற எழுதப் படிக்கத் தெரியாத விவசாயி பஹாவ் என்ற முழுத் தனி எழுத்தை உருவாக்கினார். அதில் அசையின் உயிர்ப் பகுதியை முதலிலும் மெய்யைப் பின்னாலும் எழுதி, வாசிக்கும்போது மாற்றிப் படிக்க வேண்டும். 1971இல் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவருடைய எழுத்து 2014இல் யூனிகோடில் ஏறியது.

நான்காம் படி: காதைப் பழக்குங்கள்

முதலில் ஹ்மாங் தொனி. ‘போ’ என்ற ஒரே ஓசையை ஏழு விதமாகச் சொல்லிப் பாருங்கள். உயர்ந்து நிலையாக இருந்தால் உருண்டை. உயரத்திலிருந்து சரிந்தால் பெண்பால். நடுவிலிருந்து ஏறினால் எறிவது. நடுவிலேயே நின்றால் மண்ணீரல். தாழ்ந்திருந்தால் முள். மூச்சு கலந்து இறங்கினால் அப்பாவின் அம்மா. தொண்டையை இறுக்கி வெட்டினால் பார்ப்பது. டி (d) என்று எழுதும் எட்டாவது தொனி அந்தக் கடைசித் தொனியின் மாற்றுருவாகச் சில இடங்களில் மட்டும் வரும். கடைசி இரண்டு சொற்களையும் கவனியுங்கள். சுருதி மட்டும் போதாது, குரலின் தன்மையும் பொருளை மாற்றுகிறது. கைபேசியில் உங்கள் குரலைப் பதிவு செய்து, தாய்மொழிக்காரர் பேசும் காணொளியோடு வைத்துக் கேளுங்கள். பாடத் தெரிந்தவர்கள் இங்கே வேகமாகப் பிடித்துவிடுவார்கள்.

அப்புறம் மெய்யொலிகள். வெள்ளை ஹ்மாங்கில் சொல்லின் தொடக்கத்தில் வரக்கூடிய மெய்களும் மெய்க்கூட்டங்களும் ஐம்பதைத் தாண்டும். தமிழருக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. ‘பம்பரம்’ என்ற சொல்லில் முதல் எழுத்தை விட்டுவிட்டு ‘ம்பரம்’ என்று தொடங்கிப் பாருங்கள். ஹ்மாங்கில் ‘பெயர்’ என்பதற்கான சொல் அப்படித்தான் தொடங்குகிறது: ‘ம்பே’. நாம் சொல்லின் நடுவில் மட்டும் வைப்பதை அவர்கள் முதலில் வைக்கிறார்கள். மூச்சு சேர்த்துச் சொல்லும் ஒலிகளுக்குத்தான் நாம் கூடுதலாக உழைக்க வேண்டும். தமிழ் எழுத்தில் குறித்துக்கொண்டால் அந்த வேறுபாடு தொலைந்துபோகும், ஆகவே மூலத்தின் எழுத்துகளையும் பக்கத்தில் எழுதுங்கள்.

லிதுவேனியத்தில் தொனி இல்லை, ஆனால் அழுத்தம் விழும் அசையில் ஏறுவது, இறங்குவது என்று இரண்டு வகை உண்டு. ‘அவ்க்ஷ்தஸ்’ என்பதை இறக்கிச் சொன்னால் உயரமான, ஏற்றிச் சொன்னால் கட்டடத்தின் மாடி. வழக்கமான எழுத்தில் இதைக் காட்டுவதில்லை, அகராதியில்தான் குறி இருக்கும். ஆகவே ‘இரண்டிலும் சுருதி உண்டு’ என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். ஹ்மாங்கில் தொனி தவறினால் பேச்சே புரியாது. லிதுவேனியத்தில் இந்த ஏற்ற இறக்கம் தவறினாலும் முன்பின் வைத்துப் புரிந்துகொண்டுவிடுவார்கள்.

ஐந்தாம் படி: சொற்பட்டியல்

மோரிஸ் ஸ்வாதேஷ் என்ற அமெரிக்க மொழியியலாளர் வகுத்த அடிப்படைச் சொற்பட்டியல் இணையத்தில் பல மொழிகளுக்குக் கிடைக்கிறது. அதில் முப்பது சொற்களை எடுத்து இரண்டு பத்தியாக எழுதுங்கள். தண்ணீர் ஒன்றில் வந்துவோ, மற்றதில் தே. கை ஒன்றில் ரன்கா, மற்றதில் தே. ஹ்மாங் பத்தியில் தண்ணீரும் கையும் தமிழ் எழுத்தில் ஒன்றாகிவிட்டதைப் பாருங்கள். ஒன்று டி (d) ஒலி, மற்றது தகரம் (t), தொனியும் வேறு. மூல எழுத்து ஏன் வேண்டும் என்று மேலே சொன்னதற்கு இதுவே சான்று.

இரண்டு பத்திகளுக்கும் நடுவே உறவு எதுவும் தென்படாது. தற்செயலாக ஒன்றிரண்டு ஒத்துப்போனால் கோடு போட்டு இணைத்துவிடாதீர்கள். பொருள் ஒற்றுமையிலும் எச்சரிக்கை தேவை. ஹ்மாங்கில் ‘ஹ்லி’ என்றால் நிலாவும் மாதமும். லிதுவேனியத்தில் ‘மேனுவோ’ என்றால் மாதம், பழைய வழக்கில் நிலாவும் அதுவே. தமிழில் திங்களும் அப்படித்தான். மூன்று குடும்பங்கள், ஒரே வானம். நிலாவைப் பார்த்து மாதத்தை எண்ணிய மக்கள் எல்லாரும் இங்கே வந்து சேர்ந்திருக்கிறார்கள், இதில் மொழி உறவு ஏதும் இல்லை.

ஆறாம் படி: வீடுகளை எண்ணிப் பாருங்கள்

ஒரே ஒரு படிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். இரண்டு மொழிகளின் உள்ளமைப்பும் இங்கே தெரிந்துவிடும்.

லிதுவேனியத்தில் வீடு ‘நாமஸ்’. வீட்டின் என்றால் நாமோ, வீட்டுக்கு நாமுயி, வீட்டை நாமா, வீட்டால் நமு, வீட்டில் நமெ. விளியையும் சேர்த்து ஏழு வேற்றுமை. பள்ளியில் வேற்றுமை உருபு படித்த நமக்கு இது பழகிய நிலம். ஆனாலும் இரண்டு இடங்களில் நிதானிக்க வேண்டும். முதலாவது, அழுத்தம் நகர்கிறது. நாமஸ் என்று முதலில் நின்றது, நமு, நமெ என்னும்போது கடைசிக்குப் போய்விடுகிறது, முதல் உயிரும் குறுகுகிறது. இரண்டாவது, ‘வீட்டுக்குள் போகிறேன்’ என்று சொல்ல நான்காம் வேற்றுமை அங்கே உதவாது. ஒரு முன்னிடைச்சொல்லும் இரண்டாம் வேற்றுமையும் சேர்ந்து வரும். நம் ‘கு’வை அப்படியே கொண்டுபோய் ஒட்ட முடியாது.

இப்போது எண்ணுங்கள். ஒரு வீடு ‘வியெனஸ் நாமஸ்’. இரண்டு வீடுகள் ‘து நமய்’, பன்மை. பத்து வீடுகள் ‘தேஷிம்த் நமூ’. இங்கே பன்மையின் ஆறாம் வேற்றுமை வருகிறது, ‘வீடுகளின் பத்து’ என்பதுபோல. 21 வீடுகளுக்கு வந்தால் கடைசியில் ஒன்று இருப்பதால் மறுபடி ஒருமை, நாமஸ்.

ஹ்மாங்கில் ஒரு வீடு ‘இ லூ ட்சே’, இரண்டு வீடு ‘ஓ லூ ட்சே’, பத்து வீடு ‘கௌ லூ ட்சே’. வீடு அசையவே இல்லை. ஆனால் நடுவில் ‘லூ’ வந்து உட்கார்ந்திருக்கிறது. இதுதான் வகைச்சொல். நாம் ‘மூன்று பேர்’ என்று மனிதருக்கு மட்டும் சொல்வதை அவர்கள் எல்லாப் பொருளுக்கும் செய்கிறார்கள். உருண்டையானதுக்கும் உள்ளே வெற்றிடம் உள்ளதற்கும் லூ. உயிருள்ளதற்குத் தூ. கைப்பிடி உள்ள கருவிக்கு வேறொன்று, தட்டையானதற்கு இன்னொன்று. இந்தச் சொல் வெறும் சடங்கு அல்ல, பொருளையே தீர்மானிக்கும். ‘ந்தௌ’ என்றால் காகிதம், எழுத்து. அதன் முன் தட்டையானதற்குரிய சொல்லை வைத்தால் ஒரு தாள். புத்தகத்துக்குரியதை வைத்தால் நூல். கடிதத்துக்குரியதை வைத்தால் கடிதம்.

எண்ணே இல்லாமல் ‘லூ ட்சே’ என்றால் ‘அந்த வீடு’, பேசுபவர் இருவருக்கும் தெரிந்த வீடு. லிதுவேனியத்திலும் ஆங்கிலத்தில் உள்ளதுபோன்ற சுட்டு இடைச்சொல் கிடையாது, ஆனால் அந்த வேலையில் ஒரு பங்கைப் பெயரடை ஏற்கிறது. ‘பல்தா மேஷ்கா’ என்றால் ஏதோ ஒரு வெள்ளைக் கரடி, ‘பல்தோயி மேஷ்கா’ என்றால் துருவக் கரடி.

ஹ்மாங் சொல் மாறவே மாறாது என்றும் எழுதிவிடாதீர்கள். ‘தூ’ என்பது ‘இ’ என்ற ஒன்றுக்குப் பின்னால் வரும்போது தொனி மாறுகிறது. அருகில் இருக்கும் தொனியால் வரும் மாற்றம் இது, இலக்கணப் பொருள் எதுவும் இதில் இல்லை.

ஏழாம் படி: ஒரு வினை, ஒரு வாக்கியம்

‘போ’ என்பதை எடுங்கள். லிதுவேனியத்தில் போகிறேன் ‘எய்னு’, போனேன் ‘ஏயவ்’, வழக்கமாகப் போய்க்கொண்டிருந்தேன் ‘எய்தவவ்’, போவேன் ‘எய்சு’. பழைய வழக்கத்துக்கென்று தனி இறந்தகாலம் இருப்பது அழகு. ஹ்மாங்கில் ‘கூ மூ’ என்றால் நான் போகிறேன், நான் போனேன் இரண்டுமே ஆகலாம். வேண்டுமென்றால் முன்னால் ‘யுவ’ சேர்த்துப் போவேன், பின்னால் ‘லௌ’ சேர்த்துப் போயாயிற்று.

வாக்கியத்தில் இடத்தை மாற்றிப் பாருங்கள். ‘ப்ரோலிஸ் மாத்தோ வில்கா’: சகோதரன் ஓநாயைப் பார்க்கிறான். ‘வில்கா மாத்தோ ப்ரோலிஸ்’ என்று திருப்பினாலும் பார்ப்பவன் சகோதரன்தான், அழுத்தம் மட்டும் மாறுகிறது. தமிழிலும் அப்படியே. ஹ்மாங்கில் ‘தூ ட்சோ போ தூ தே’ என்றால் புலி நாயைப் பார்க்கிறது. திருப்பினால் நாய் புலியைப் பார்க்கும். அங்கே இடமே வேற்றுமை உருபு.

எட்டாம் படி: ஆட்களைப் பற்றிய சொற்கள்

இந்தப் பகுதியை விட்டுவிட்டால் ஒப்பீடு பாதிதான். ‘ப்ரோலிஸ்’ என்று லிதுவேனியர் சொன்னால் அண்ணனா தம்பியா என்று தெரியாது. ஹ்மாங்கில் அண்ணன் ‘தீ லௌ’, தம்பி ‘கு’. அதற்கு மேலும் ஒரு படி உண்டு: ஆணுக்குச் சகோதரி ‘மூவ’, பெண்ணுக்குச் சகோதரி வேறு சொல், பெண்ணுக்குச் சகோதரன் ‘நூ’. வேற்றுமையில் லிதுவேனியத்தின் பக்கம் நின்ற தமிழர் இங்கே ஹ்மாங்கின் பக்கம் வந்துவிடுவார்.

‘நாங்கள் இருவர்’ என்பதற்கு இரண்டு மொழிகளிலும் தனிச் சொல் உண்டு என்பது இந்த ஒப்பீட்டில் எனக்கு மிகவும் பிடித்த இடம். லிதுவேனியத்தில் ‘முது’, இருவருமே பெண்கள் என்றால் ‘முத்வி’. பழைய இருமை எண்ணின் எச்சம் அது. ஹ்மாங்கில் நான், நாம் இருவர், நாம் பலர் என்ற மூன்று நிலையும் அன்றாடப் பேச்சிலேயே வழங்குகிறது.

குடும்பப் பெயர்களையும் பாருங்கள். லிதுவேனியத்தில் கணவர் கஸ்லவ்ஸ்கஸ் என்றால் மனைவி கஸ்லவ்ஸ்கியெனே, மணமாகாத மகள் கஸ்லவ்ஸ்கைத்தே. மணநிலையைக் காட்டாத குறுகிய ஈறு 2003இல் அனுமதிக்கப்பட்டது. வெளிநாட்டுப் பெயர்களுக்கும் ஈறு ஒட்டுவது வழக்கம், ஷேக்ஸ்பியர் அங்கே ஷெக்ஸ்பீரஸ். ஹ்மாங்கில் யாங், வாங், சியோங், லீ போன்றவை குலப்பெயர்கள். ஒரே குலத்துக்குள் மணம் கிடையாது, மணமான பெண் மரபுப்படி பிறந்த குலத்தின் பெயரையே வைத்துக்கொள்கிறாள்.

ஒன்பதாம் படி: பேசுபவர்களிடம் போங்கள்

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு இது எளிது. சிகாகோவில் பழைய லிதுவேனியச் சமூகம் இருக்கிறது, மினசோட்டாவின் செயின்ட் பால் நகரில் பெரிய ஹ்மாங் சமூகம் இருக்கிறது. மற்றவர்களுக்கு லிதுவேனியப் பொது ஒலிபரப்பின் செய்திகளும், யூடியூபில் ஹ்மாங் குரலில் டப்பிங் செய்த தாய்லாந்து, சீனப் படங்களும் போதும். மினசோட்டா அரசின் வாக்காளர் குறிப்புகள் ஹ்மாங்கிலும் வருவதால் எளிய உரைநடைக்கு அவற்றை எடுத்துக்கொள்ளலாம்.

வணக்கம் சொல்லக் கற்றுக்கொண்டு போங்கள்: ‘லாபா தியெனா’, நல்ல நாள். ஹ்மாங்கில் ‘ந்யோ ஜோங்’ என்பதுபோல ஒலிக்கும், நன்றாக இரு என்று பொருள். பிறகு அவர்களிடம் இலக்கணம் கேட்காதீர்கள். பேனா, கத்தி, முட்டை, தாள், கடிதம் என்று ஐந்து பொருள்களை மேசையில் வைத்து, இரண்டிரண்டாக எண்ணிச் சொல்லும்படி கேளுங்கள். லிதுவேனியரிடம் ஈறுகளையும், ஹ்மாங் பேசுபவரிடம் நடுவில் வரும் வகைச்சொல்லையும் அடிக்கோடிட்டு, அவர்கள் அனுமதித்தால் குரலையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.